கும்பத்தில் முளை வராவிட்டால் குறையா?

செப்ரெம்பர் 23, 2022 (ஒரு வாசகியின் கேள்வி)

அண்ணை, திங்கட்கிழமை நவராத்திரி தொடங்குகிறது. போன வருடம் வரைக்கும் மாமி வீட்டில்தான் கும்பம். இப்போது மாமி மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வாடகை வீட்டில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள், அவர் வெளிநாட்டில். ஐயரைக் கேட்டேன், ஒன்பது நாளும் வீடு வீடாக வர ஏலாது என்றார். நானே கும்பம் வைக்கலாமா? மந்திரம் ஒன்றும் தெரியாது. அதைவிடப் பெரிய பயம், நவதானியம் முளைக்காமல் விட்டால் வீட்டுக்குக் கூடாது என்று சொல்லுகிறார்களே, உண்மையா?

செப்ரெம்பர் 23, இரவு

வைக்கலாம் தங்கச்சி. எங்கள் வீட்டில் ஐயர் வந்து கும்பம் வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அம்மம்மா வைத்தார், பிறகு அம்மா வைத்தார். அம்மா போனபிறகு நான் வைக்கிறேன், இது மூன்றாவது வருடம்.

ஒரு செம்பு, முடித் தேங்காய், மாவிலை ஐந்து, வாழையிலை, கொஞ்சம் நெல் அல்லது பச்சரிசி, மஞ்சள், அறுகம்புல், ஒன்பது தானியம், மண். பெரிய தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பித் தானியத்தைத் தூவுங்கள். நடுவில் இலை போட்டு நெல்லைப் பரப்பி, அதன்மேல் செம்பை வையுங்கள். செம்பில் முக்கால்வாசித் தண்ணீர் போதும். தேங்காயின் அடி ஒன்பது நாளும் தண்ணீரில் நின்றால் உடைக்கும்போது கெட்ட மணம் வரும். எல்லாவற்றுக்கும் முதல் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல்லைக் குத்திவிடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். முளைக்குக் காலை, மத்தியானம், இரவு என்று மூன்று நேரமும் நல்லாகத் தண்ணீர் விடுங்கள்.

மற்றக் கேள்விக்கு நாளைக்கு எழுதுகிறேன். கரண்ட் போகப் போகிறது, போனில் சார்ஜ் இல்லை.

செப்ரெம்பர் 24, காலை

குறை என்று சொல்லுகிறவர்கள் யாரும், தானியத்தை எங்கே வாங்கினாய் என்று கேட்பதில்லை.

2020இல் அம்மா இல்லாத முதல் கும்பம். கடையில் நவதானியப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து அப்படியே தூவினேன். ஒன்பதில் மூன்றுதான் வந்தது. பார்க்க வந்த அயல்வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் "ம்ம்" என்று இழுத்த அந்த இழுப்பு ஒரு கிழமைக்குக் காதுக்குள் நின்றது. பிறகுதான் பொட்டலத்தின் மிச்சத்தைக் கையில் கொட்டிப் பார்த்தேன். துவரை என்று போட்டிருந்தது உடைத்த பருப்பு. உளுந்து தோல் நீக்கிய வெள்ளை. உடைத்த பருப்பை எந்த அம்மனும் முளைக்கவைக்க மாட்டாள். விதை முழுதாக, முளைக்கண் சேதமில்லாமல் இருந்தால்தானே முளைக்கும்.

செப்ரெம்பர் 24, பின்னேரம்

நூலை மறந்துவிட்டேன். வெள்ளை நூலைச் செம்பைச் சுற்றிக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டவேண்டும். கட்டத் தெரியாவிட்டால் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்துவிடுங்கள்.

செப்ரெம்பர் 24, இரவு

ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: "நீர் சொல்வது நிறைகுடம், கும்பம் அல்ல. தெரியாமல் பேசவேண்டாம்."

பாதி ஒப்புக்கொள்கிறேன். முறைப்படி பார்த்தால் கும்பம் ஒரு உடம்பு. சுற்றிய நூல் நரம்பு, உள்ளே நீர் இரத்தம், தேங்காய் தலை, மாவிலை மயிர், மேலே போர்த்தும் துணி தோல். அந்த உடம்புக்குள் வந்திரு என்று மந்திரத்தால் அழைத்தால்தான் அது கும்பம். அழைக்காவிட்டால், கலியாண வீட்டு வாசலிலும் பள்ளிக்கூட விழாவிலும் வைக்கிற நிறைகுடம்தான். சரி. ஆனால் இங்கே எந்த வீட்டில் போய் "நவராத்திரிக்கு நிறைகுடம் வைத்தாச்சா" என்று கேட்கிறோம்? கும்பம் என்றுதான் அம்மாவுக்கும் வாயில் வந்தது. எனக்கும் அதுதான் வருகிறது.

செப்ரெம்பர் 25

இன்று திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் சைக்கிளில் போனேன். பங்கீட்டில் மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல்தான், அதை எள்ளுத் தேடிச் செலவழிக்க மனம் வரவில்லை.

பொட்டலம் வாங்கவேண்டாம் தங்கச்சி, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, அவரை, எள்ளு, உளுந்து, கொள்ளு. உளுந்து தோலோடு கறுப்பாக இருக்கவேண்டும். முழுத் துவரைக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். அவரை கிடைக்காமல் கௌபிதான் (தட்டைப்பயறு) வாங்கினேன், அம்மாவும் பல வருடம் கௌபிதான் போட்டவர். கோதுமையை மா அரைக்கிற இடத்தில் கேட்டால் ஒரு கை தருவார்கள். கடலை, துவரை, கௌபி மூன்றையும் இன்றிரவே ஊறப் போட்டுவிடுங்கள். நெல்லையும்.

நீங்கள் அனுப்பிய தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்தேன். ஒன்பது படிக் கொலு, வடிவாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் கொலு வைத்த வீடு ஒன்றுதான் இருந்தது, நாங்கள் சின்னனில் பொம்மை பார்க்கவே போவோம். மற்ற வீடுகளில் நடுவீட்டில் கும்பமும் மண்ணும்தான். பொம்மை இல்லை என்று பிள்ளைகளுக்குக் கவலை வேண்டாம், நாளுக்கு நாள் வளருகிற பொம்மை இது.

செப்ரெம்பர் 26, முதலாம் நாள்

வைத்தாயிற்று. மாலை பூசை நேரத்தில் கரண்ட் போனது, விளக்கு வெளிச்சத்தில்தான் பாடினோம். சின்ன மகனுக்கு அது பிடித்துவிட்டது, நாளைக்கும் கரண்ட் போகவேண்டும் என்கிறான்.

மந்திரத்துக்குப் பயப்படுகிற தங்கச்சிக்கு: பஞ்சபுராணம் பாடுங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்று. விரும்பினால் ஒரு திருப்புகழ், கடைசியில் வாழ்த்து. உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துச் சைவநெறிப் பாடத்திலிருந்தே எல்லாம் பாடமாக இருக்கும், அவர்களைப் பாடவிட்டு நீங்கள் தீபத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு சகலகலாவல்லி மாலை, பத்துப் பாட்டு. என் மகன் பத்தையும் ஒரே மூச்சில் ஓடுகிறான், கடைசிப் பாட்டில் அவன் கண் அவல் தட்டில்தான்.

செப்ரெம்பர் 27

இரண்டு விஷயம்.

ஒன்று, விளக்கு. ஒன்பது நாளும் நூராமல் எரியவேண்டுமா என்று கேட்டீர்கள். அம்மா அப்படித்தான் விளக்கு வைத்தவர், இரவில் இரண்டு தரம் எழும்பி எண்ணெய் விடுவார். ஒருமுறை காற்றுக்கு யன்னல் திரைச்சீலை விளக்கில் பட்டு, அரை யன்னல் கருகியது. வாடகை வீடு, சின்னப் பிள்ளைகள், நீங்கள் தனிய. படுக்கப் போகும்போது விளக்கைக் குளிரவைத்துவிட்டுப் படுங்கள்.

இரண்டு, அதே பெரியவர். ஆறுமுக நாவலர் பெருமான் பிறந்து 200 வருடமாகும் இந்த வருடத்தில், அவர் பிறந்த நல்லூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி முறைகேடு சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்கிறார். நாவலர் இருந்திருந்தால் எனக்கு நல்ல பேச்சு விழுந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரியபுராணத்தைச் சாதாரண சனமும் வாசிக்கட்டும் என்று வசனத்தில் எழுதித் தந்தவரும் அவர்தான். ஐயா, தங்கச்சிக்கு ஐயர் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்யட்டும், கும்பத்தை விட்டுவிடட்டுமா? அதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.

செப்ரெம்பர் 28

தங்கச்சியின் பயறு முளைத்துவிட்டதாம், படம் வந்திருக்கிறது. என்னுடையது இன்னும் வெறும் மண். மூன்றாம் நாள்தானே.

செப்ரெம்பர் 28, இன்னொன்று

புதுச் செம்பு வாங்கவேண்டுமா என்று ஒருவர் கேட்டதை விட்டுவிட்டேன். வேண்டாம். வீட்டில் இருக்கிறதைப் புளி போட்டு மினுக்கினால் போதும்.

எங்கள் செம்பில் ஒரு பக்கம் நெளிவு. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டை நெருங்கி வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா அதற்குள் அரிசியைப் போட்டுத் துணியால் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்தார். நவராத்திரி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாவற்குழிப் பாலத்துச் சன நெருக்கத்தில் சைக்கிள் சரிந்தது. அரிசி கொட்டவில்லை, செம்பு நெளிந்தது. அடுத்த சித்திரையில் வீட்டுக்குத் திரும்பினோம், கதவு நிலைகூட இல்லை, செம்பு இருந்தது. ஒவ்வொரு வருடமும் நெளிந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். நானும் அப்படித்தான் வைக்கிறேன்.

செப்ரெம்பர் 29

தாம்பாளத்திலிருந்து மணம் வருகிறது.

செப்ரெம்பர் 29, இரவு

சொல்லத்தான் வேண்டும். விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். கடலை வழுவழுத்துப் போய்விட்டது, கௌபியில் வெள்ளைப் பூஞ்சணம், பயறில் நாலைந்து தலை காட்டிவிட்டுச் சோர்ந்து கிடக்கிறது. மண் சேறாக நிற்கிறது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணைத் தனியாகப் போட்டது ஒரு பிழை. தாம்பாளத்தில் தண்ணீர் வடிய வழி இல்லை. அதற்குள் மூன்று நேரமும் விட்டேன். விதைக்கும் மூச்சு வேண்டும், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் அழுகத்தானே செய்யும்.

ஆகவே 23ஆம் திகதி எழுதியது பிழை. மூன்று நேரம் வேண்டாம். நாளுக்கு ஒருமுறை கையால் தெளித்தால் போதும், மண் ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம். தங்கச்சி, நான் சொன்னதைக் கேட்டு உங்களுடையதும் பாழாகவில்லையே?

இவ்வளவும் விளங்குகிறது. காரணம் தெரிகிறது, கையில் மணக்கிறது. இருந்தும் இன்று பூசையில் கண்ணை மூடியபோது மனதில் வந்தது ஒன்றுதான்: வீட்டில் யாருக்கு என்ன வரப்போகிறதோ. போன கிழமை ஊருக்குப் புத்தி சொன்ன ஆள் நான்.

செப்ரெம்பர் 30, காலை

தங்கச்சியின் பதில்: "குறை நினைக்காதேங்கோ அண்ணை, நீங்கள் மூன்று நேரம் என்று சொன்னதை நான் கேக்கேல்லை. பிள்ளைகள் உடுப்பு மினுக்கிற தண்ணிப் போத்தலால ஒருக்கா மட்டும் பூச்சு அடிக்குதுகள்."

நல்லது. இனியும் கேட்கவேண்டாம்.

செப்ரெம்பர் 30, இரவு

கரவெட்டியில் இருக்கிற சின்னம்மாவுக்குப் போன் எடுத்தேன். எண்பது தாண்டிவிட்டார், அம்மாவின் கடைசித் தங்கை. அழுகிய கதையைச் சொன்னேன், இது கூடாதா என்று கேட்டேன். மறுபக்கம் சிரிப்பு. இருமல் வரும்வரைக்கும் சிரித்தார்.

"உன்ர கொம்மா என்ன செய்யிறவ எண்டு உனக்குத் தெரியாதே? நாலாம் நாள் இரவு நீங்கள் எல்லாரும் படுத்தாப் பிறகு, ஊறவைச்சு முளை கட்டின பயறை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாளாச்சியைக் கும்பிட்டுப்போட்டு, வெறுமையாக் கிடக்கிற இடமெல்லாம் குத்துவா. அம்மாவும் அப்பிடித்தான் செய்தவ. நானும் செய்யிறனான். எதில விதைச்சனீ?"

தாம்பாளத்தில் என்றேன்.

"தாம்பாளத்திலயோ? சுளகெங்க?"

ஒக்ரோபர் 1

சுளகு பரணில் இருந்தது. ஓரம் சாணகம் மெழுகிய பழஞ்சுளகு, ஒரு மூலை எலி கடித்தது. அரிசி புடைக்க இவ்வளவு பழசை ஏன் வைத்திருந்தார் என்று நினைத்துக் கீழே இறக்கினால், பின்னலுக்குள் மண். செம்மண் இல்லை, வெள்ளை மணலும் கலந்த மண். அதில் வாழையிலையைக் கிழித்துப் போட்டு மண் பரப்பியிருக்கிறார். தண்ணீர் கூடினால் பின்னலால் வடிந்துவிடும். மணலை வடமராட்சியிலிருந்து சின்னம்மாதான் ஒவ்வொரு வருடமும் கொடுத்துவிட்டிருக்கிறார், நான் அது கோலத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒன்பது வயதில் ஒவ்வொரு விடியவும் ஓடிப்போய் முளை எண்ணியவன் நான். ஐந்தாம் நாள் காலையில் எப்போதும் திடீரென்று நிறைந்திருக்கும். அம்மா "பார், லட்சுமி வந்திட்டா" என்பார். ஐந்தாம் நாள் லட்சுமியின் நாள்தானே, நான் நம்பினேன். அந்த நவதானியத்தில் ஏன் எப்போதும் பயறே கூட என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பின்னேரம் கோபம் போய்விட்டது. நாலாம் நாள் இரவு இவ்வளவு பயத்தோடு தனிய எழும்பிப் பயறு குத்தியிருக்கிறார், எங்களுக்குச் சொல்லவில்லை.

சுளகுக்கு மாற்றிவிட்டேன். செம்பை அசைக்கவில்லை. மகன் தாம்பாளத்தைக் கீழிருந்து இழுக்க, மனுசி செம்பைக் கையில் தாங்கிப் பிடிக்க, நான் சுளகைத் தள்ள, அதற்குள் மாவிலை ஒன்று விழ, ஒரே அமளி. செம்பு அசைந்ததுதான், சரி.

முளை கட்டின பயறும் குத்தினேன். பகலில், எல்லார் முன்னாலும். நெல்லும் எள்ளும் புதிதாகத் தூவினேன்.

ஒக்ரோபர் 2

தங்கச்சியின் படத்தில் முளை பச்சையாக இருக்கிறது, "மாமி வீட்டில் மஞ்சளாகப் பொன் மாதிரி வரும், இது ஏன் பச்சை" என்று கேட்கிறார். மாமி கட்டாயம் எதையாவது கவிழ்த்து மூடியிருப்பார். அம்மா பனையோலைக் கடகப் பெட்டியால் மூடுவார், பூசைக்கு மட்டும் திறப்பார். வெளிச்சம் படாவிட்டால் பச்சையம் உண்டாகாது, விதைக்குள் இருக்கிற சாப்பாட்டை வைத்துக்கொண்டு வெளிச்சம் தேடி நெட்டையாக, வெளிறி வளரும். வடிவுதான், ஆனால் பலமில்லை, தொட்டால் சரியும். உங்களுடையது யன்னலோரம் இருக்கிறது. பச்சையாகவே இருக்கட்டும்.

ஒக்ரோபர் 3

தனியாகக் கேட்ட கேள்வி, பெயரில்லாமல் பதில் போடச் சொன்னார்: இடையில் துடக்கு (மாதவிலக்கு) வந்தால் என்ன செய்வது, வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை.

இதில் ஆம்பிளை நான் சட்டம் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். அம்மம்மா நாளை முன்கூட்டியே எண்ணுவார், எண்ணிவிட்டு வேலையை ஆண்பிள்ளைகளிடம் பிரித்துத் தருவார். நான் பத்து வயதில் தீபம் காட்டப் பழகியது பக்தியால் இல்லை, அக்காவுக்கு அந்த வருடம் ஏழாம் நாள் முடியாமல் போனதால். அக்கா அறை வாசலில் இருந்துகொண்டு "மணியை இடக்கையால அடி, கற்பூரத்தைக் கிட்டப் பிடிக்காதை" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். உங்கள் மூத்த பிள்ளைக்கு எட்டு வயது என்றீர்கள், காணும்.

மனுசி இதை வாசித்துவிட்டு "கனக்க எழுதாதேங்கோ" என்கிறார். நிறுத்துகிறேன்.

ஒக்ரோபர் 4, சரஸ்வதி பூசை

கடலை, அவல், சர்க்கரைப் புக்கை, வடை. சீனி, தேங்காய் விலையைப் பார்த்து மோதகத்தை இந்த வருடம் கைவிட்டோம். புத்தகமெல்லாம் கும்பத்துக்கு முன்னால் அடுக்கியாயிற்று. சின்னவன் கணக்குக் கொப்பியை அடியிலே வைத்து, அதற்குமேல் என் பழைய அகராதியைப் பாரமாக ஏற்றியிருக்கிறான். நாளை காலை வரைக்கும் தொடக்கூடாதாம், அவனுக்கு இதில் மட்டும் ஆசாரம் அதிகம்.

பயறு நாலு விரல் உயரம். நெல் ஊசி மாதிரி. எள்ளைக் காணவில்லை.

ஒக்ரோபர் 5, விஜயதசமி

காலையில் தங்கச்சியின் சின்னவருக்கு ஏடு தொடக்கினார்களாம். கோயிலில் சனம் என்று வீட்டிலேயே, கும்பத்துக்கு முன்னால், தட்டில் பச்சரிசி பரப்பி அம்மாவே விரலைப் பிடித்து "அ" எழுதுவித்திருக்கிறார். படத்தில் "அ" எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது, பிள்ளையின் வாயில் அரிசி தெரிகிறது.

பின்னேரம் நாங்கள் வாழை வெட்டு, அதுதான் விஜயதசமிக்குக் கோயிலில் வாழை மரம் வெட்டுகிற சடங்கு, பார்க்கப் போய்வந்தோம். கும்பத்துத் தண்ணீரை மாவிலையால் வீடு முழுக்கத் தெளித்து, மிச்சத்தை மரத்தடியில் விட்டோம். தேங்காய் உடைத்தேன், வெள்ளை வெளேரென்று இருந்தது. உடைக்கும்வரைக்கும் நெஞ்சு அடித்ததை இங்கே ஒளிக்கவில்லை.

பெரியவரிடமிருந்து ஒரு வரி வந்திருக்கிறது: "சுளகு சரியான முறைதான். எங்கள் வீட்டிலும் அதுதான்." அவ்வளவுதான். ஐயருக்குப் பதிலாக என்ன செய்வது என்பதற்கு அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

ஒக்ரோபர் 9

முளையை எங்கே விடுவது என்று தங்கச்சி கேட்டிருந்தார். அம்மா கிணற்றுக்குள் விடுவார், பிறகு வாளியில் இரண்டு நாள் பயறு வரும். கிணறு வாடகை வீட்டுக்காரருடையது என்றால் அந்த வேலை வேண்டாம், ஏதாவது மரத்தடியில் மண்ணோடு வைத்துவிடுங்கள்.

நான் தேசிமரத்தடியில் கொட்டினேன். சுளகைக் கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்றியாயிற்று, இந்த முறை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். எள்ளு இன்று காலைதான் முளைத்திருக்கிறது.